வாயுராணியின் குளம்பும் பேச்சியின் கூலியும்

வேங்கைக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு மேற்கே ஒரு பந்தயத் திடல் இருந்தது. அங்கே மாதம் ஒருமுறை குதிரைப் பந்தயம் நடக்கும். குதிரைகள் ஓடும். முதலாளிகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். பந்தயம் முடிந்ததும் ஓடிய குதிரைகளைவிட உட்கார்ந்திருந்த முதலாளிகளுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கும். அவ்வளவு உழைப்பு!

அந்த முதலாளிகளில் பெரியவர் கரியமாணிக்கம் என்ற கரடி. தேன் தின்று தின்று அவருக்குத் தன் கால்கள் கண்ணில் பட்டே பல வருடமாகிவிட்டது. ஆனாலும், "இந்தக் காட்டிலேயே வேகமானவர் யார்?" என்று கேட்டால், "நான்தான்!" என்று மார்பைத் தட்டிக்கொள்வார். ஏனென்றால் வாயுராணி என்ற வெள்ளைக் குதிரை அவருடைய லாயத்தில் இருந்தது. அவள் ஓடினால் அவர் ஓடியது போல. அவள் வென்றால் அவர் வென்றது போல. அவள் தோற்றால் மட்டும் அது அவள் தோற்றது.

லாயத்தில் வேலைக்கு நான்கு பேர். பேச்சி, மொக்கையன் என்று இரண்டு கழுதைகள். சடையன் என்ற முள்ளம்பன்றி. அங்குசாமி என்ற குரங்கு. மொக்கையன் குளத்திலிருந்து தண்ணீர் சுமப்பான். சடையன் தன் முதுகு முள்ளால் குதிரையின் பிடரியைக் கோதிவிடுவான். அங்குசாமி உண்ணி பொறுக்குவான், லத்தி அள்ளுவான்.

பேச்சிக்குக் குளம்பு வேலை. வாயுராணியின் வலது முன்னங்கால் குளம்பில் பிறந்ததிலிருந்தே ஒரு கீறல் உண்டு. தினமும் விடிந்ததும் பேச்சி அதைக் கழுவி, களிமண்ணையும் விளக்கெண்ணெயையும் குழைத்து அப்பிவிடுவாள். நாலு நாள் விட்டால் போதும், கீறல் வாயைத் திறந்துவிடும்.

பெயர்தான் பேச்சி. அவள் அதிகம் பேசமாட்டாள். வேலை செய்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? பேசுகிற வேலையைக் கரியமாணிக்கம் பார்த்துக்கொண்டார்.

கூலி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு படி கொள்ளு. அந்தப் படியை எந்தக் காலத்தில் யார் செய்தார்களோ, அதில் அரைப்படிதான் பிடிக்கும். கேட்டால், "இப்போதெல்லாம் கொள்ளு பெரிதாக விளைகிறது. அதற்குப் படி என்ன செய்யும்?" என்பார் கரடி. விடுமுறை என்ற சொல்லை அந்த லாயத்தில் யாரும் கேட்டதே இல்லை.

அந்த வருடம் தை மாதப் பந்தயத்தில் வாயுராணி ஜெயித்தாள். சாதாரண ஜெயிப்பு இல்லை. இரண்டாவதாக வந்த குதிரை எல்லையைத் தொடும்போது அவள் திரும்பி வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பரிசு என்ன தெரியுமா? கிழக்கு மலையில் விளையும் தேன் முழுவதும் ஒரு வருடத்துக்கு!

லாயத்து வாசலில் விருந்து நடந்தது. கரியமாணிக்கம் ஒரு பாறைமேல் ஏறி நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் வெற்றி அல்ல! என் தொழிலாளர்களின் வெற்றி!" என்றார்.

கூட்டம் கை தட்டியது.

"ஆகையால் பெருமை முழுவதும் அவர்களுக்கே! தேனை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்!"

கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. இவ்வளவு பரந்த மனத்தை யாரும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மரங்கொத்திகள் பறையை முழக்கின. முழக்கம் வாயுராணியின் காதோரத்தில் வெடித்தது. அவள் மிரண்டு பின்னங்காலை உதறினாள். பின்னால் தண்ணீர் சுமந்து வந்த மொக்கையனின் இடுப்பில் அந்த உதை விழுந்தது. அவன் சுமையோடு சரிந்தான். எழ முயன்றான். முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

வாயுராணி பார்த்தாள். வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். அவள் கழுத்தில் யாரோ மாலை போட்டார்கள்.

மறுநாள் கொள்ளு அளக்கும்போது மொக்கையனின் பங்கு வரவில்லை. பேச்சி நேராகக் கரடியிடம் போனாள். அவர் தேனடையை நக்கிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, மொக்கையனுக்கு இன்று கொள்ளு அளக்கவில்லை."

"வேலை செய்தானா?"

"இடுப்பு முறிந்து கிடக்கிறான். எப்படிச் செய்வான்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். எப்படிச் செய்வான்? செய்யாதவனுக்கு எப்படி அளப்பது?"

"அடிபட்டது உங்கள் வேலையில்தானே!"

"என் வேலையிலா?" கரடி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "உதை அதுபாட்டுக்குத் தன் வழியே போயிருக்கிறது. அவன் அல்லவா அந்த வழியில் போய் நின்றிருக்கிறான்! உண்மையில் என் குதிரையின் காலுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல மனசால் நான் அதைப் பெரிதாக்கவில்லை."

பேச்சி சொன்னாள்: "இந்த லாயத்தில் நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று அடிக்கடி சொல்வீர்களே, முதலாளி. குடும்பத்தில் ஒருத்தன் படுத்துவிட்டால் கஞ்சி ஊற்றமாட்டார்களா?"

"குடும்பம் வேறு, கொள்ளு வேறு!" என்றார் கரடி. "இரண்டையும் குழப்பக்கூடாது. குழப்பித்தான் பல குடும்பங்கள் கெட்டன."

அன்று மத்தியானம் நான்கு பேரும் லாயத்துக்குப் பின்னால் கூடினார்கள். மொக்கையனை வைக்கோல்மேல் கிடத்தியிருந்தார்கள். தங்கள் கொள்ளில் ஆளுக்கு ஒரு பிடி அவன் முன்னால் வைத்தார்கள்.

"அரைப்படியில் மூன்று பேர் பிடி பிடியாக எடுத்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றான் மொக்கையன்.

"கோபம் மிஞ்சும்!" என்று சடையன் முள்ளைச் சிலிர்த்தான். "போதும் பேச்சியக்கா. இனி வேலை செய்யக்கூடாது!"

அங்குசாமி பயந்தான். "எனக்கு வீட்டில் ஐந்து குட்டிகள். கொள்ளு நின்றால் அதுகள் வாயில் என்ன போடுவேன்?"

"கேட்டுப் பார்ப்போம். கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்" என்றாள் பேச்சி.

அவர்கள் கேட்டது மூன்றுதான். ஒன்று, படி என்றால் முழுப்படி. இரண்டு, வாரத்தில் ஒருநாள் ஓய்வு. மூன்று, வேலையில் அடிபட்டவருக்குக் குணமாகும்வரை கொள்ளு.

கரடி அதைக் கேட்டுக் கோபப்படவே இல்லை. நல்ல முதலாளிகள் கோபப்படமாட்டார்கள், விசாரணை வைப்பார்கள். பந்தயக் கழகத்தின் செயலாளரான கொக்கு விசாரணைக்கு வந்தது. குளக்கரையில் ஒற்றைக்காலில் நின்று நாலு நாள் யோசித்தது. யோசனை தடைப்படாமல் இருக்க, கரடி வேளைக்கு ஒரு கூடை மீன் அனுப்பினார். கொக்கின் யோசனை நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போனது.

ஐந்தாம் நாள் கொக்கு தீர்ப்பு சொன்னது.

"தொழிலாளர்கள் கேட்பது முற்றிலும் நியாயம்!"

சடையன் துள்ளிக் குதித்தான்.

"நியாயம் என்று கழகமே சொல்லிவிட்டது. இதைவிடப் பெரிய கௌரவம் வேறு என்ன வேண்டும்? ஆகவே கொள்ளின் அளவை உயர்த்தத் தேவை இல்லை. எல்லோரும் வேலைக்குப் போகலாம்."

பேச்சி லாயத்துக்குள் போனாள். களிமண் குழைக்கும் சட்டியை எடுத்து வந்தாள். அதைக் கரடியின் காலடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு நடந்து போய்க் குளக்கரையில் உட்கார்ந்தாள். சடையன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இருவருமாக மொக்கையனைத் தாங்கிக் கொண்டுவந்து நிழலில் படுக்கவைத்தார்கள். அங்குசாமி இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, அவனும் வந்தான்.

வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது.

கரடி சிரித்தார். "நாலு பேர் போனால் நாற்பது பேர் வருவார்கள்!" என்றார். நாற்பது பேர் வரவில்லை. பத்து ஆடுகள் வந்தன. மழையில்லாத மேட்டுப் பக்கத்திலிருந்து கரடி அவற்றை ஓட்டிவரச் செய்திருந்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம்.

சடையன் வழியில் நின்று முள்ளைத் தூக்கினான். "திரும்பிப் போங்கள்! இது எங்கள் வேலை!"

முன்னால் வந்த கிழட்டு ஆடு நின்றது. "எங்கள் பக்கம் ஒரு புல் கிடையாது தம்பி. வயிற்றுக்குக் கிடைக்கும் என்று கூட்டி வந்தார்கள். கூலி என்று ஒன்றும் பேசவில்லை."

"விடுடா சடையா" என்றாள் பேச்சி. "பசித்து வந்தவர்களோடு நமக்கு என்ன சண்டை?"

ஆடுகள் உள்ளே போயின. கரடிக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. கூலி கேட்காத தொழிலாளர்கள்! இந்த நாளுக்காகத்தானே அவர் உயிரோடு இருந்தார்!

ஆடுகள் உண்மையிலேயே கூலி கேட்கவில்லை. முதல் நாள் குதிரையின் படுக்கை வைக்கோலைத் தின்றன. இரண்டாம் நாள் சேணத்தின் வாரைத் தின்றன. மூன்றாம் நாள் தை மாதத்து வெற்றி மாலையைத் தின்றன. பந்தயக் கழகம் கொடுத்த பாராட்டு ஓலையை ஒரு குட்டி மென்றுகொண்டிருந்ததைக் கரடியே கண்ணால் பார்த்தார். "தலைசிறந்த முதலாளி" என்ற இடம் மட்டும் அதன் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆடுகளை மேய்க்க ஓர் ஆள் வேண்டும் என்று கரடிக்குத் தோன்றியது. அவர் அங்குசாமிக்கு ஆள் அனுப்பினார்.

"உன்னைப் போல் திறமைசாலி குளக்கரையில் உட்காரலாமா? இன்றிலிருந்து நீதான் தலைமை லாய அதிகாரி! இரண்டு படி கொள்ளு! இதோ சிவப்புத் தலைப்பாகை!"

அங்குசாமி தலைப்பாகையைப் பார்த்தான். தன் குட்டிகளை நினைத்தான். பல நாளாக அவை வெறும் இலையைத் தின்றுகொண்டிருந்தன. அவன் தலைப்பாகையை வாங்கிக்கொண்டான். அது அவன் கண்ணை மறைத்தது. அதனால் குளக்கரைப் பக்கம் பார்க்காமலே நடக்க வசதியாக இருந்தது.

"துரோகி!" என்று கத்தினான் சடையன்.

மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டான். பேச்சி குளக்கரையில் தோண்டிய தன் பங்குக் கிழங்கை அங்குசாமியின் குட்டிகள் இருந்த மரத்தடியில் போட்டுவிட்டு வந்தாள். முன்பே போட்டிருக்கலாமே என்று அவளுக்கு உறுத்தியது.

அங்குசாமி அதிகாரியானான். ஆனால் கண் குரங்கின் கண்தானே! வாயுராணி வலது முன்னங்காலை ஊன்றாமல் நிற்பதை அவன் பார்த்துவிட்டான். குனிந்து பார்த்தான். குளம்பின் கீறல் சிவந்து, வாய் பிளந்து, சீழ் வைத்திருந்தது. கரடியிடம் ஓடினான்.

"முதலாளி! குதிரைக்குக் குளம்பு கெட்டுவிட்டது!"

"மேலே பார்த்தால் தெரிகிறதா?"

"இல்லை, அடியில் இருக்கிறது."

"அப்படியென்றால் என்ன கவலை? பார்க்கிறவர்கள் மேலேதானே பார்க்கிறார்கள்! மாசிப் பந்தயத்துக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. உடம்பைப் பளபளவென்று தேய்த்துவிடு. கிழக்கு மலைத் தேன் முழுவதையும் அவள்மேல் பந்தயம் கட்டியிருக்கிறேன்!"

அங்குசாமி தன் கொள்ளுக் கூலியைத் தொடாமல் வைத்தான். உச்சி வெயிலில் குளக்கரைக்கு வந்தான். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"அக்கா, என்னைத் திட்டிக்கொள். ஆனால் வந்து அந்தக் காலைப் பார். இல்லாவிட்டால் அவள் கால் போய்விடும்."

"போகட்டும்!" சடையன் சீறினான். "மொக்கையண்ணன் இடுப்பை உடைத்தது அவள்தானே! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா? கால் போகட்டும், அப்போதுதான் முதலாளி இறங்கி வருவார்! நீ போனால் நாம் இத்தனை நாள் பட்டினி கிடந்தது வீண் அக்கா!"

அவன் சொன்னது தப்பில்லை. பேச்சிக்கும் அது தெரியும். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். காதுகள் இரண்டும் தொங்கின.

மொக்கையன் மெல்லத் தலையைத் தூக்கினான். "போய்ப் பார் பேச்சி. எழுந்து நடக்க முடியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் எதிரிக்கும் அது வேண்டாம்."

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பேச்சி எல்லோரும் பார்க்கத் திடலைக் கடந்து லாயத்துக்குள் போனாள். கரடி கையை விரித்தார். "பார்த்தீர்களா! பாசம்! கொள்ளுக்கா வேலை செய்கிறார்கள் இவர்கள்? அன்புக்கு அல்லவா!"

"நான் உங்களுக்காக வரவில்லை முதலாளி. அவள் காலுக்காக வந்தேன். முடிந்ததும் போய்விடுவேன்."

குளம்பைக் கழுவினாள். சீழை எடுத்தாள். களிமண்ணைக் குழைத்து அப்பினாள். வாயுராணி வலியில் நடுங்கினாள், ஆனால் காலை இழுக்கவில்லை.

"பேச்சி, அன்று நடந்ததைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே?"

"கேட்டால் என்ன சொல்வாய்?"

"பறைச் சத்தத்தில் மிரண்டுவிட்டேன். வேண்டுமென்று உதைக்கவில்லை."

"அது மொக்கையனுக்கும் தெரியும். முதலாளியிடம் சொல்லத்தான் ஆள் இல்லை."

வாயுராணி தலையைத் தாழ்த்தினாள். "சொன்னால் எனக்கும் கொள்ளு நின்றுவிடுமோ என்று பயந்தேன்."

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் மணி, காலில் சலங்கை, முதுகில் பட்டு. அத்தனைக்கும் உள்ளே இருப்பது தன்னைப் போலவே அளந்து போட்டதைத் தின்னும் ஒருத்திதான் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒரு மாதம் ஓடாதே. ஓடினால் குளம்பு இரண்டாகப் பிளந்துவிடும்" என்று சொல்லிவிட்டுக் கரடியிடமும் அதையே சொன்னாள்.

"அவள் ஓடாவிட்டால் என் மானம் இரண்டாகப் பிளந்துவிடும்!" என்றார் கரடி. "அவளுக்கு நாலு குளம்பு இருக்கிறது. எனக்கு மானம் ஒன்றுதானே இருக்கிறது?"

மாசிப் பந்தயம் வந்தது. காடே திடலில் கூடியது. வாயுராணியைத் தேய்த்துத் தேய்த்து நிலவு போல் ஆக்கி நிறுத்தியிருந்தார்கள். கொக்கு கொடியை அசைத்தது. ஐந்து குதிரைகள் பாய்ந்தன. ஆறாவது குதிரை நின்ற இடத்திலேயே நின்றது.

"ஓடு! என் கண்ணே, ஓடு!" என்று கரடி கத்தினார்.

வாயுராணி அசையவில்லை.

கரடி பின்னால் போய்த் தள்ளினார். நகரவில்லை. அங்குசாமியைக் கூப்பிட்டார். அவன் கூட்டத்தில் காணாமல் போயிருந்தான்.

"ஓடாவிட்டால் உன்னை நரிகளிடம் போட்டுவிடுவேன்!"

"போடுங்கள். நரிகளுக்கு என் கால் எந்த நிலையில் இருந்தாலும் ஒன்றுதான். உங்களுக்கும் அப்படித்தானே!" என்றாள் வாயுராணி.

அவள் குரலை உயர்த்தினாள்.

"மொக்கையன் யாருடைய வழியிலும் போய் நிற்கவில்லை. அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். நான் உதைத்தேன். உதைத்துவிட்டு மாலை போட்டுக்கொண்டேன். இந்தக் காலை ஐந்து வருடமாக ஓட வைத்தது பேச்சி. அவளுக்குக் கிடைத்தது அரைப்படி. இனி இந்தக் கால் பேச்சி சொன்னால் ஓடும். வேறு யார் சொன்னாலும் ஓடாது!"

எதிர் லாயத்து முதலாளியான காட்டுப்பன்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "கரியமாணிக்கம்! காட்டிலேயே வேகமானவர் நீங்கள்தானே! இறங்கி ஓடுங்களேன்!"

திடல் முழுவதும் சிரிப்பு. கிழக்கு மலைத் தேன் அன்று மாலையே காட்டுப்பன்றியின் குகைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் காட்டுப்பன்றியின் சிரிப்பு ஒருநாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலை அதன் லாயத்துக் கழுதைகள் தண்ணீர் சுமக்க வரவில்லை. குளக்கரையில் பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. "எங்கள் படியிலும் அரைப்படிதான் பிடிக்கிறது அக்கா!" என்றன. மத்தியானத்துக்குள் மற்ற நான்கு லாயத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். காடு முழுக்க ஆறு லாயம், ஆறு அரைப்படி! முதலாளிகள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிற எதிரிகள்தான். படி செய்யும்போது மட்டும் ஒரே தச்சனிடம் போயிருக்கிறார்கள்.

இரண்டு நாளில் எல்லா லாயங்களும் நாறின. குதிரைகள் தாகத்தில் கனைத்தன. ஐந்து முதலாளிகளும் கரடியின் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஒரு கழுதைக்கு ஒரு பிடி கொள்ளு போடக் கஞ்சத்தனம் செய்து எங்கள் குடியைக் கெடுத்துவிட்டீரே!" என்று காட்டுப்பன்றி உறுமியது. "போய்ப் பேசித் தீர்த்துவிடும்! இல்லாவிட்டால் கழகத்திலிருந்தே உம்மைத் தள்ளிவைப்போம்!"

கரடி உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் பக்கம் நிற்க யாராவது வேண்டுமே! ஆடுகள் போய்விட்டிருந்தன. லாயத்துக் கதவையும் பாதி தின்றுவிட்டுத்தான் போயிருந்தன.

அவர் குளக்கரைக்கு நடந்தார். நெடுந்தூரம் நடந்து பழக்கமில்லாததால் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார்.

"பேச்சியம்மா..." என்று இழுத்தார். அம்மா என்ற சொல் அவர் வாயில் அன்று மிக இனிப்பாக வந்தது. "நமக்குள் என்ன? கேட்டது மூன்றுதானே? முழுப்படி தருகிறேன். வாரத்தில் ஒருநாள் ஓய்வும் எடுத்துக்கொள். அந்த மூன்றாவதை மட்டும்..."

"மூன்றாவதுதான் முதலாவது" என்றாள் பேச்சி. "மொக்கையனுக்கு நின்றுபோன கொள்ளுப் பங்கையும் சேர்த்து."

கரடி வானத்தைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். கொக்கைப் பார்த்தார். கொக்கு இரண்டு நாளாக மீன் வராததால் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

"சரி" என்றார்.

"இன்னும் ஒன்று. குளம்பு ஆறும்வரை வாயுராணியை ஓடவிடக்கூடாது."

"அது என் குதிரை!"

"ஆமாம். ஆனால் அவள் கால்."

கரடி அதற்கும் சரி என்றார். வேறு என்ன செய்வார்?

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மொக்கையன் எழுந்தான். ஆனால் பழையபடி சுமை தூக்க முடியவில்லை. இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தே நின்றது. அவனுக்குக் கொள்ளு அளக்கும் வேலை கொடுத்தார்கள். வாயுராணி தினமும் அவனோடு மெல்ல நடப்பாள். இருவரும் நொண்டிக்கொண்டே குளம்வரை போய் வருவார்கள்.

அங்குசாமி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான். அவனை வேலைக்குச் சேர்க்கக்கூடாது என்று சடையன் பிடிவாதம் பிடித்தான். "குளம்பைப் பற்றி வந்து சொன்னவனும் அவன்தானே" என்றாள் பேச்சி. பழைய வேலையும் எல்லோருக்கும் உள்ள ஒரு படியும் கிடைத்தன. ஆனால் சடையன் மட்டும் அவனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அங்குசாமியும் கேட்கவில்லை.

பங்குனி மாதம் குளக்கரை ஓரமாகப் பந்தயக் கழகத்தின் பெரிய கூட்டம் நடந்தது. அது லாயத்தின் ஓய்வு நாள். கொக்கு எழுந்து கரியமாணிக்கத்துக்கு, "தொழிலாளர் தந்தை" என்று பட்டம் கொடுத்தது. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"ஒருநாள் என் கனவில் ஒரு குரல் கேட்டது. உன் ஏழைத் தொழிலாளர்களுக்கு முழுப்படி அளந்து போடு என்றது! யாரும் கேட்காமலே அள்ளிக் கொடுத்தேன்! கொடுத்துச் சிவந்த கை இது!"

அந்தக் கை முழுக்கக் கறுப்பு மயிர். ஆனாலும் கூட்டம் கை தட்டியது.

சற்றுத் தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்த சடையனுக்கு உடம்பெல்லாம் முள் நட்டுக்கொண்டது. "அக்கா! வாய் கூசாமல் பொய் சொல்கிறார்! யாரும் கேட்கவில்லையாம்! போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டுமா?"

பேச்சி குளக்கரைப் புழுதியில் நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு புரண்டுகொண்டிருந்தாள். அவள் இப்படிப் புரண்டு எத்தனையோ வருடமாயிற்று.

"விடுடா சடையா. இன்று நமக்கு ஓய்வு. பாவம், அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டாள்.

உழைத்தவருக்குச் சேர வேண்டிய கூலியைத் தன் கருணை என்று சொல்லிக்கொள்பவருக்கு, அந்த உழைப்பு நின்ற அன்றுதான் யாருடைய கருணையில் யார் வாழ்ந்தார் என்பது விளங்கும்.